உன் லேப்டாப்புக்கு நான் சொன்ன விலை

என் சேகருக்கு,

போன வெள்ளிக்கிழமை உன் பெண்டாட்டி வசந்தா உன்னுடைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் பழைய கம்ப்யூட்டர் கடைக்கு வந்தாள். அது ஆன் ஆகவில்லை. சின்னக் கோளாறுதான் என்று எனக்குத் தெரிந்த பிறகும், மதர்போர்டே போய்விட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன்.

நம் சங்கத்து ஆண்டு மலரில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "மலர் மொத்தத்தையும் வருஷா வருஷம் டைப் பண்ணிக் குடுத்த மனுஷன். நீங்க கூடவே இருந்தவரு. நாலு நல்ல வார்த்தை எழுதுங்க" என்றார் செயலாளர். உன்னைப் பற்றி நல்ல வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் பேனாவை எடுத்தால் வெள்ளிக்கிழமைதான் முன்னால் வந்து நிற்கிறது. அதை எழுதாமல் மற்றதை எழுதினால் அதுவும் வியாபாரப் பேச்சாகிவிடும்.

நீ கண்ணை மூடின பிறகு நடந்ததை முதலில் சொல்கிறேன். மர்பி டவுனில் உன் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். உன் ஸ்கூட்டரை விற்றாகிவிட்டது. வசந்தா மட்டும் உன் தொழிலை விடவில்லை. நீ டைப் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்ப்பாளே, இப்போது அவளே தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் கல்யாணப் பத்திரிகை போடுகிறாள். நீலசந்திராவிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. பத்திரிகையில் பெரியப்பா பெயர் மேலேயா மாமா பெயர் மேலேயா என்று அடித்துக்கொள்கிறவர்களை உட்கார வைத்து, "சண்டையை முடிச்சிட்டு வாங்க, நான் அதுக்குள்ள சோறு வடிச்சிட்டு வரேன்" என்கிறாளாம். உனக்கு இந்தத் தைரியம் இருந்ததா?

அன்றைக்குக் கடையில் கூட்டமில்லை. பையிலிருந்து அந்தக் கருப்புப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். கம்பெனிக்காரர்கள் கழித்துவிட்ட சரக்கில் நீயே பொறுக்கி எடுத்தாயே, அதே பெட்டி.

"பட்டனை அழுத்தினா லைட் எரியுதுண்ணா. ஃபேன் கொஞ்ச நேரம் சுத்துது, அப்புறம் நின்னுடுது. படமே வரல."

"எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து. நாளைக்கு நீலசந்திரா பார்ட்டிக்குப் பத்திரிகை ரெடி பண்ணிக் குடுக்கணும். அட்வான்ஸ் வாங்கிட்டேன். அவரு போட்டு வெச்ச டிசைன் மொத்தமும் இதுலதான் இருக்கு. இது போச்சுன்னா நான் வேற வேலைதான் தேடணும்."

மெக்கானிக் நயாஸிடம் கொடுத்தேன். நீ என் கடையில் மெக்கானிக் வேலையை விட்டு வீட்டில் தொழில் தொடங்கின பிறகு, உன் இடத்தில் சேர்ந்தவன் அவன். வசந்தா யார் என்று அவனுக்குத் தெரியாது. பெட்டியை வாங்கிக்கொண்டு பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் போனான்.

இதற்கு மேல் படிக்கிறவர்களுக்கு ஒன்று விளங்க வேண்டும். உனக்குத் தெரியும், அதை உண்டாக்கியவனே நீதான். தடுப்புக்குப் பின்னாலிருந்து மெக்கானிக் எட்டிப் பார்த்து, "காபி சொல்லட்டுமா?" என்று கேட்டால் சின்னக் கோளாறு. "டீ சொல்லட்டுமா?" என்றால் போர்டு போச்சு. ஒரு காலேஜ் பெண், கம்ப்யூட்டர் செத்துப்போச்சு என்று நீ பட்டென்று சொன்னதும் கடையிலேயே அழுதாள், நினைவிருக்கிறதா? அதற்கப்புறம்தான் நீ இதைக் கொண்டுவந்தாய். கெட்ட செய்தி எனக்கு முன்கூட்டித் தெரிந்தால் பக்குவமாகச் சொல்லலாம் என்பது உன் எண்ணம்.

அதைத் தலைகீழாகத் திருப்பியவன் நான். விற்க வருகிறவர்களிடம், காபி என்று சத்தம் வந்தால், நான் டீ முகத்தை வைத்துக்கொள்வேன். விலை தானாக இறங்கும். நீ கடையை விட்டுப் போனதற்கு இதுதான் காரணமா? நான் கேட்டதே இல்லை. நீயும் சொன்னதே இல்லை.

வெள்ளிக்கிழமை நயாஸ் செய்ததெல்லாம் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. பேட்டரியைக் கழற்றினான். பட்டனை அழுத்திப் பிடித்து உள்ளே தங்கியிருந்த கரண்டை வெளியேற்றினான். சார்ஜரை மட்டும் போட்டுப் பார்த்தான். அப்புறம் அடி மூடியின் ஸ்க்ரூ. ரேம் என்கிற மெமரிப் பட்டையைப் பிடுங்கிப் பார்க்கிறான் என்று தெரிந்தது. தலை எட்டிப் பார்த்தது.

"அண்ணா, அக்காவுக்குக் காபி சொல்லட்டுமா?"

இங்கேதான் என் புத்தியைப் பார். அதே மாடல் வேண்டும் என்று ஒருத்தர் பத்து நாளாக எனக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல விலை கொடுக்கத் தயாராக இருந்தார். வசந்தாவிடம் போர்டு போச்சு என்று சொல்லலாம். உள்ளே இருக்கும் டிசைன்களை எடுத்துத் தரலாம். குடோனில் கிடக்கிற பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கொடுத்து, கையில் கொஞ்சம் பணமும் வைக்கலாம். அவளும் அண்ணன் காப்பாற்றினான் என்று நினைப்பாள். லாபமும் எனக்கு, புண்ணியமும் எனக்கு. இத்தனை கணக்கும், நயாஸ் கேட்டு முடிப்பதற்குள் என் தலைக்குள் ஓடிவிட்டது.

"போர்டு போயிடுச்சும்மா" என்றேன். "செத்த பீஸுக்கு மார்க்கெட்ல யாரும் காசு குடுக்க மாட்டாங்க. நான் நாலாயிரம் தரேன். சேகருக்காக."

உன் பெயரைச் சொல்லியே விலை வைத்தேன்.

வசந்தா தடுப்பின் பக்கம் திரும்பினாள்.

"பாய், இன்னா சொன்னீங்க? காபியா, டீயா?"

"காபிக்கா. சக்கரை கம்மியா?"

"காபின்னா போர்டு நல்லாருக்குன்னுதானேண்ணா அர்த்தம்?" என்று என்னைக் கேட்டாள்.

நயாஸின் தலை தடுப்புக்குப் பின்னால் இறங்கிவிட்டது. எனக்கு இறங்க இடமில்லை.

"எங்க வீட்ல இது தெரியாம இருக்குமா?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "சாம்பார்ல உப்பு ஜாஸ்தியானா, 'காபிதான் வசந்தா, தண்ணி ஊத்து சரியாயிடும்'பாரு. எங்கம்மா ஊர்லேர்ந்து வராங்கன்னா, 'ஐயோ, டீ'ம்பாரு. ஆஸ்பத்திரில ரிப்போர்ட் வாங்கிட்டு வெளிய வந்தாரு. இன்னா சொன்னாங்கன்னு கேட்டேன். 'டீ'ன்னாரு. அவ்ளோதான். அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசவே இல்ல."

சேகர், அதே வாரம் நான் உன்னைக் கேட்டேனே. "வயித்து வலி இன்னாடா ஆச்சு?" என்றேன். "காபிதான் மச்சான்" என்றாய். நானும் நம்பிக்கொண்டு குடோன் வாடகை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். என்னிடம் ஏன் அப்படிச் சொன்னாய்? நான் தாங்க மாட்டேன் என்றா? அல்லது, உண்மையைச் சொல்லத் தகுந்த ஆளில்லை என்றா?

அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லையென்று, உங்கள் கல்யாணத்தில் அக்னிக்கு முன்னால் அவள் கையில் பொரி அள்ளிப் போட்டவன் நான். ஐயர், "பொண்ணுக்குத் தம்பி அண்ணன் யாருப்பா, முன்னால வா" என்று கூப்பிட்டபோது நீதான் என்னைப் பிடித்துத் தள்ளினாய். அந்தக் கையால்தான் வெள்ளிக்கிழமை கல்லாவைத் திறந்து நாலாயிரத்தை எடுத்து வைத்திருந்தேன். ரூபாய் மேஜைமேல் கிடந்தது. திரும்ப எடுத்து உள்ளே வைக்கக்கூடக் கூச்சமாக இருந்தது.

நயாஸ் பென்சில் ரப்பரால் ரேமின் தங்க நிறப் பல்லைத் தேய்த்து மாட்டிக்கொண்டு வந்தான். பட்டனை அழுத்தினான். ஃபேன் சுற்றியது, நிற்கவில்லை. திரையில் நீ வைத்திருந்த பிள்ளையார் வந்தார். வசந்தா நீலசந்திராப் பத்திரிகையைத் திறந்து, மணமகளின் பெயரில் எழுத்து ஒன்றும் கெடவில்லையா என்று பார்த்தாள். ஒன்றும் கெடவில்லை. பெட்டியை மூடினாள்.

"காசெல்லாம் வேணாம்மா. எடுத்துட்டுப் போ. என்னை மன்னிச்சுடு" என்றேன்.

"சும்மா செஞ்சு குடுத்தா நீங்க நல்லவராயிடுவீங்கண்ணா" என்றாள். "இன்னிக்கு அது வேணாம். மத்தவங்ககிட்ட இன்னா வாங்குவீங்களோ அதை வாங்கிக்குங்க. பில் போடுங்க."

இத்தனை வருஷ வியாபாரத்தில் யார் யாரோ என்னைத் திருடன் என்றிருக்கிறார்கள். அதெல்லாம் தோல்மேல் பட்ட தண்ணீர். பணம் கொடுத்துவிட்டு என்னைத் தள்ளி நிறுத்தியவள் இவள் ஒருத்திதான். பில்லைத் தப்பும் தவறுமாக எழுதி இரண்டு தாளைக் கிழித்தேன்.

சனிக்கிழமை அந்தப் பிளைவுட் தடுப்பைப் பிடுங்கிவிட்டேன். நயாஸின் மேஜை இப்போது கடையின் முன்னால், கொண்டுவருகிறவர்கள் கண்ணெதிரில் இருக்கிறது. எதைத் திறந்தாலும் அவர்களை வைத்துக்கொண்டே திறக்க வேண்டும், கோளாறை அவர்களிடமே சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "நக்கோண்ணா, வேணாம், ஸ்க்ரூ டிரைவரெல்லாம் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று புலம்புகிறான். கடைக்கு வருகிறவர்களிடம் காபியா டீயா என்று கேட்கவே பயந்து, எல்லோருக்கும் பாதாம்பால் சொல்கிறான். செலவு கூடிவிட்டது. வாங்குகிற விலையும் கூடிவிட்டது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நீ இருந்தபோது செய்ய வேண்டியது, உன் பெண்டாட்டியிடம் பிடிபட்ட பிறகு செய்கிறேன். பிடிபடாமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு எனக்கு நானே பதில் சொல்லிப் பார்த்தேன். பிடிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை நயாஸ் கையில் வசந்தாவுக்குக் கொடுத்தனுப்பி, அச்சுக்குப் போகலாமா என்று கேட்டேன். பிழை திருத்தி அனுப்பியிருக்கிறாள். "போடுங்க. கல்யாணப் பத்திரிகை மட்டும் இல்ல, காதுகுத்துப் பத்திரிகையும் போடறேன்னு சேர்த்துக்குங்க" என்று நயாஸிடம் சொல்லிவிட்டாளாம். சேர்த்துவிட்டேன். மன்னிப்பு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கப் போவதில்லை.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். உன் பெயரைச் சொல்லி இனி எதற்கும் விலை வைக்க மாட்டேன். உன் வருஷ திதிக்கு அவள் கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால், உறவு கொண்டாடிக்கொண்டு வாசலில் போய் நிற்க மாட்டேன். பெட்டி மறுபடி நின்றால் மட்டும் என்னிடம் வர வேண்டும் என்று அன்றைக்குப் பில் கொடுக்கும்போது கேட்டேன், அதற்குச் சரி என்றாள்.

எங்களுக்குள் முடிவானது இதுதான்: ரேம் சுத்தம் செய்து மாட்டியதற்கு முந்நூற்றைம்பது ரூபாய், ரொக்கம், தள்ளுபடி இல்லை. மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு வந்தால் கூலி கிடையாது. பில் வசந்தாவின் பெயரில்.

உன் மச்சான்,
தர்மலிங்கம்
அல்சூர்