அறுத்தெறிந்த நாடாக்கள்

கோச்கோர்,
ஏப்ரல் 27

அருமை மகள் பெகிமாய்க்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, மாடு, புதுக் கன்று எல்லாரும் உடம்பளவில் சுகம். நீயும் அந்த மாஸ்கோ குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல், வேளைக்கு ஒரு வாய் சூடாகச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுகிற அப்பாவுக்குத் திடீரென்று காகிதமும் பேனாவும் எதற்கு என்று நினைப்பாய். குரலாகப் பதிந்து அனுப்பத்தான் முதலில் பார்த்தேன். ஏழு தடவை பேசினேன், ஏழு தடவையும் அழித்துவிட்டேன். எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்லியும் விட்டார், யார் என்று பிறகு சொல்கிறேன். வியாழக்கிழமை நம் தெரு வழியாக மாஸ்கோவுக்குப் புறப்படுகிற வண்டிக்காரர் கையில் இது வரும். கூடவே ஒரு பையில் அம்மா உருட்டிக் காயவைத்த உப்புத் தயிர் உருண்டையும் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் இருக்கும். காலுறையை அலமாரியில் பத்திரப்படுத்தாமல் காலில் போட்டுக்கொள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடு மூன்று வாரத்துக்கு முன்னால் பெண் கன்று போட்டது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, அம்மா அதற்கு உன் பெயரை வைக்கப் பார்த்தாள், நான்தான் சண்டை போட்டு நிறுத்தினேன். மலைப்பக்கம் இன்னும் பனி இருக்கிறது. கொட்டகைக் கூரையில் ஒரு தகடு காற்றில் போய்விட்டது, மாற்றிவிட்டோம். பார், கொட்டகை என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. இனி சுற்றி வளைத்துப் பயனில்லை, சொல்லிவிடுகிறேன்.

போன ஜூலையில் ஒரு மாத லீவில் வந்தவள் ஒரு நாள் கூடக் காலை நீட்டி உட்காராமல் நம் வாடகைத் தொழிலை ஒழுங்கு செய்து கொடுத்தாயே. கல்யாணத்துக்கும் சாவுக்கும் விடுகிற, கூடாரம் மாதிரி கட்டிப் பிரிக்கிற நம் ஐந்து கம்பளி வீடுகளையும் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து, கூரைக் கம்புக் கட்டு, பின்னல் சுவர், உச்சி வளையம், கம்பளி விரிப்பு என்று ஒவ்வொரு உருப்படிக்கும் அந்த நிற நாடாவைக் கட்டினாய். ஒவ்வொன்றையும் படம் பிடித்து, எண்ணிக்கையோடு ஒரு பட்டியலாக்கி, என் போனிலும் உன் மாமா குபாத் போனிலும் உன்னுடையதிலும் ஒன்றாகத் திறக்கிற மாதிரி வைத்தாய். ஏற்றும்போது ஒருமுறை எண்ணிக் கட்டத்தைத் தொட வேண்டும், இறக்கும்போது இன்னொரு முறை. நாள்காட்டியில் விசேஷ நாளை மட்டும் குறித்தால் போதாது, கம்பளி நனைந்தால் காய இரண்டு நாள் வேண்டும், அதனால் மூன்று நாளாகக் குறி என்றாய். யாராவது போனில் கேட்டால் காதோடு விட்டுவிடாமல், பேசி முடித்ததும் என்ன பேசினோம் என்று ஒரு வரி எழுதி அவருக்கே அனுப்பு என்றாய். மஞ்சள் நாடா கட்டிய வீட்டை மட்டும் கல்யாணத்துக்குக் கொடுக்காமல் சாவுக்கென்று வை, "சாவு தேதி பார்த்து முன்பதிவு செஞ்சிட்டு வராதுப்பா" என்றாய். போன் பால் வாளிக்குள் விழுந்தாலும் பட்டியல் தொலையாமல் இருக்க அதன் நகல் வேறு இடத்தில் தானாகவே சேரும்படி செய்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு. முப்பது வருடமாகக் கம்பைக் கையில் எடுத்ததுமே அது எந்த வீட்டுக் கம்பு என்று சொல்கிறவனுக்கு, மாஸ்கோவில் ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்குகிற பெண் பாடம் நடத்துகிறாளே என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

செப்டம்பரில் ஏரிக்கரையில் ஒரு கல்யாணம். விருந்தை நடத்திய ஆள் ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா. வெள்ளைக் கம்பளிக்கு மேல் நீல நாடா தொங்குவதைப் பார்த்துவிட்டு, "தாஷ்தன் மாமா, இது வீடா இல்ல விமானத்துல ஏத்துற பெட்டியா? எடை போட்டாச்சா, சீட்டு ஒட்டியாச்சா?" என்றான். இருநூறு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் காது எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் ஆட்டுக்கு வைத்திருக்கிற கத்தியை எடுத்து எல்லா நாடாவையும் அறுத்து அடுப்பில் போட்டேன். அம்மா கேட்டதற்கு எலி கடித்துவிட்டது என்றேன். ஐந்து நிறத்தையும் தேடிக் கடித்த எலி! அவள் நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டாள்.

அக்டோபரில் இன்னொரு கல்யாணம், பெரிய இடம், இரண்டு வீடு கேட்டார்கள். மஞ்சளைக் கொடுக்காதே என்று நீ சொல்லியிருந்தாய், நான் நீலத்தையும் மஞ்சளையும் அனுப்பினேன். பிரிக்கும்போது நல்ல மழை. இரண்டிலும் எண்பத்தைந்து எண்பத்தைந்து கம்பு. நனைந்துகொண்டே கைக்கு வந்ததை வந்தபடி கட்டி ஏற்றினோம். குபாத் மட்டும், "மச்சான், எண்ணிப் பிரிச்சுக் கட்டிருவோம், அப்புறம் அல்லாடணும்" என்றான். "உனக்கு வேணும்னா எண்ணு, எனக்குக் கை சொல்லும்" என்றேன். வீட்டில் அடுப்போரம் உட்கார்ந்தபோது போன் ஞாபகப்படுத்தியது, இறக்கிய சாமானைச் சரிபார்க்கச் சொல்லி. கொட்டகைக்குப் போகாமலே கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். மஞ்சள், கூரைக் கம்பு எண்பத்தைந்து, சரி. நீலம், எண்பத்தைந்து, சரி. எல்லாம் பச்சையாகிவிட்டது. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

மார்ச் இரண்டாவது வாரத்தில் உன் தோழி சல்தனாத்தின் அப்பா பெய்ஷென் இறந்ததும், நம் வீட்டிலிருந்துதான் கம்பளி வீடு போனதும் உனக்குத் தெரியும். அதற்கு மேல் உனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்ன பொய். நடந்ததைக் கேள். காலையில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போனோம். உடலை எடுத்து வைக்க வீடு நிற்க வேண்டும், அத்-பாஷியிலிருந்து உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். குபாத் உச்சி வளையத்தைக் கவைக் கோலில் தூக்கிப் பிடித்தான், நாங்கள் கம்பு சொருகினோம். பத்தாவது கம்பு ஓட்டையில் இறங்கவில்லை. அடுத்தது ஓட்டையில் நுழைந்து லொடலொடவென்று ஆடியது. ஒரு வீட்டுக் கம்பு இன்னொரு வீட்டு வளையத்தில் நிற்காது என்று எனக்குத் தெரியாதா? கட்டை அவிழ்த்துக் கொட்டி முனைகளைப் பார்த்தால் பாதி மஞ்சள் வீட்டுக் கம்பு, பாதி நீல வீட்டுக் கம்பு. வளையத்தைக் கீழே இறக்கினோம். அந்த நேரம் வெளியே வண்டிகள் வந்து நின்றன. வந்தவர்கள் வழக்கப்படி வாசலிலிருந்தே கதறி அழுதுகொண்டு ஓடி வந்தார்கள். எதிரே அழுதபடி நிற்க வேண்டிய ஆண்கள் எல்லாரும் கையில் ஆளுக்கொரு கம்போடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீடும் இல்லை, உள்ளே உட்கார்ந்து ஒப்பாரி வைக்கப் பெண்களுக்கு இடமும் இல்லை, பனி வேறு கொட்டுகிறது. பெய்ஷெனின் மனைவி புருல்சா அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு, "இருபது வருஷம் பஸ் ஓட்டினார், ஒரு நாள் ஒருத்தரைக் காக்க வெச்சதில்ல. இன்னிக்கு அவரைக் காக்க வெச்சுட்டீங்களே அண்ணே" என்றார்.

பெரியவர் மாம்பெத், "ஏம்ப்பா தாஷ்தன், இது எப்படி ஆச்சு?" என்று கேட்டார். நான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தேன். பட்டியலைத் திறந்து எல்லாருக்கும் காட்டினேன். "பாருங்க, எண்பத்தஞ்சும் சரின்னு பச்சையா காட்டுது. எம் பொண்ணு செஞ்சு வெச்சுட்டுப் போன ஏற்பாடு. அவ எண்ணினதை நம்பி ஏத்தினேன். எனக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியுமா?" என்றேன். இதைத்தான் சொன்னேன் பெகிமாய், ஒரு எழுத்து கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. குபாத் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் கொட்டகையிலிருந்து நீல வீட்டுக் கட்டை எடுத்துவர வண்டியைக் கிளப்பினான். பனியில் நூற்றெழுபது கம்பையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துப் பிரித்தோம், இரண்டு மணி நேரம் ஆயிற்று. என்னைப் பார்த்து எல்லாரும், பாவம் மனுஷன், பிள்ளைகளை நம்பி ஏமாந்தார் என்றார்கள். கூசாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் நீ போன் செய்தாய். சல்தனாத் சொல்லித் தெரிந்துகொண்டு அழுதாய். "அப்பா, எண்ணினது நான்தானே, எங்கயோ தப்பு பண்ணிட்டேன், உங்க பேரைக் கெடுத்துட்டேன்" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "சரி விடும்மா, ஆனது ஆச்சு, இனிமே கவனமா இரு" என்றேன். நான் உன்னை மன்னித்தேன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அன்று சாயங்காலம் போனில் நம் பட்டியலின் மேல் ஒரு வரி வந்தது, பெகிமாய் வெளியேறினார் என்று. உன் கை பட்டால் இன்னொரு சாவு வீட்டில் மானம் போகும் என்று பயந்து நீயே விலகிக்கொண்டாய், அப்படித்தானே? அந்த வரியைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன வாரம் பெய்ஷெனுக்கு நாற்பதாம் நாள். போகாமல் இருக்க முடியுமா, போனேன். சல்தனாத் எனக்குத் தேநீர் ஊற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "பெகிமாய் மேல எங்களுக்குக் கோபமே இல்ல மாமா, நீங்களும் கோபப்படாதீங்க" என்று நீ அனுப்பிய செய்தியைக் காட்டினாள். கண்ணாடி இல்லை என்றேன், அவளே படித்தாள். "எங்க அப்பாவை யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். அவருக்கு ஒவ்வொரு கம்பும் கைக்கே தெரியும். என் பட்டியலை நம்பினதாலதான் அன்னிக்கு அவர் தலைகுனிய வேண்டியதாச்சு. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க" என்று எழுதியிருந்தாய். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். கறி வந்தது, சாப்பிட முடியவில்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் மாம்பெத் பெரியவர், "தாஷ்தன், துஆ நீ ஓதுப்பா" என்றார். கையை ஏந்தினேன். எல்லாரும் ஏந்தினார்கள். இறந்தவருக்காக என்ன கேட்பது, எந்த வாயால் கேட்பது? கையைக் கீழே போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாடா அறுத்தது, மழையில் கலந்து கட்டியது, எண்ணாமல் கட்டத்தைத் தொட்டது, உன் மேல் பழி போட்டது, நீ அழுதபோது பெரிய மனிதன் மாதிரி மன்னித்தது. குபாத் தொப்பியைக் கழற்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து யாரோ, "அப்போ எண்ணத் தெரியாதது நம்ம மாமாவுக்குத்தானா!" என்றார்கள். சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்குக் காது எரியவில்லை.

புருல்சா அத்தை சிரிக்கவில்லை. கதவோரம் நின்றபடியே, "எங்க வீட்டுக்காரர் ரெண்டு மணி நேரம் காத்திருந்தார், போனாப் போகுது, அவருக்கு இனி என்ன அவசரம். அந்தப் பொண்ணு செய்யாத தப்பை நாற்பது நாளா சுமந்துட்டுத் திரியுறாளே, அதுக்கு என்ன சொல்றீங்க அண்ணே?" என்று கேட்டார். இன்றே போன் பண்ணிச் சொல்கிறேன் என்றேன். "போன்ல வேணாம். போன்ல சொன்னதை அழிச்சிரலாம். எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க" என்றார். எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்றவர் அவர்தான்.

இந்த ஒரு வாரத்தில் நானும் குபாத்துமாக எல்லாவற்றுக்கும் திரும்ப நாடா கட்டிவிட்டோம். நாடாவோடு நிறுத்தவில்லை, அறுக்க முடியாதபடி ஒவ்வொரு கம்பின் அடியிலும் சாயப் புள்ளி வைத்தோம். உன் பட்டியலில் எண்ணிக்கை இருந்தது, முனையின் படம் இல்லை, அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் வளையத்தின் ஓட்டையையும் கம்பின் முனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்துச் சேர்த்திருக்கிறேன், சரிதானா என்று நீ பார்க்க வேண்டும். இனி கட்டத்தை நான் தொட மாட்டேன். குபாத் எண்ணிச் சொன்ன பிறகு அம்மா தொடுவாள், அவளை யாரும் ஏமாற்ற முடியாது. மஞ்சளைக் கேட்டு நேற்றுகூட ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பட்டியலில் திரும்பச் சேர்க்க அழைப்பு அனுப்பியிருக்கிறேன், யாரையும் கேட்காமல் நானே கண்டுபிடித்து அனுப்பினேன், போனதா போகவில்லையா என்று தெரியாமல் நான்கு தடவை அனுப்பிவிட்டேன், அதற்குச் சிரிக்காதே. வர விருப்பமில்லை என்றால் கட்டாயமில்லை. அதைக் கேட்கிற உரிமையை நான் தொலைத்துவிட்டேன்.

என் மகளே, உன் கை பட்டது எல்லாம் ஒழுங்காகட்டும், உன் சொல்லுக்குப் போகிற இடமெல்லாம் மதிப்பு இருக்கட்டும், உனக்குப் பொய் சொல்லாத மனிதர்களோடு அல்லாஹ் உன்னைச் சேர்த்து வைக்கட்டும். அம்மாவும் குபாத் மாமாவும் அன்பு சொல்லச் சொன்னார்கள். ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதத்தை, எவ்வளவு கோபம் வந்தாலும், கிழித்துப் போடாதே. கிடங்கிலோ ஊரிலோ யாராவது உன்னைப் பார்த்து எண்ணத் தெரியாதவள் என்று எப்போதாவது சொன்னால், இதை எடுத்து நீட்டு. தப்பு உன்னுடையது இல்லை என்று உன் அப்பன் தன் கையால் எழுதி, பெயர் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

இப்படிக்கு,
எண்ணாமலே சரி என்று சொன்னவன்,
உன் அப்பா தாஷ்தன்