ஹார்ன்காரர் வீட்டு வாசலில் பூத்த பூ

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். உடம்புதான் நன்றாக இருக்கிறதே தவிர நெஞ்சு இன்னும் தன் இடத்துக்கு வரவில்லை பாப்பா. போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் பிடுங்கிக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் சொல்லுவாள், உனக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கிளம்பும்போது ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு துண்டு செடியை நட்டுவைத்து, "தண்ணிய ஊத்தி ஊத்திக் கொன்னுடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான். பருமணலும் செங்கல் பொடியும் கலந்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் காட்டி வளர்த்தேன். இலையுமில்லை முள்ளுமில்லை, நாலு பட்டையாக விரல் தடிமனில் தண்டுகள் மட்டும் கொத்துக் கொத்தாகக் கிளம்பிச் சட்டியைத் தாண்டி வழிந்தன. இவ்வளவு அழகை வீட்டுக்குள் வைத்து யார் பார்ப்பது என்று கம்பிக்கூடை வாங்கி, நம் மாடிப்படித் திருப்பத்து ஜன்னலில், எதிர்வீட்டு வாசலை ஒட்டித் தொங்கவிட்டேன். உன் அம்மா "ஏங்க, வெண்டைக்காயப் போய் யாராவது காட்சிக்கு வைப்பாங்களா" என்றாள். எதிர்வீட்டு ஹார்ன்காரர், அதுதான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிறவர், வழியில் யார் நின்றாலும் ஹார்ன் அடித்த மாதிரி கத்துவாரே அவர், "தலைல இடிக்குது, கழட்டுங்க சார்" என்று தினமும் ஒரு பாட்டு பாடுவார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் காலையில் எழுந்தால் குடலைப் பிடுங்குகிற நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று அம்மா அலமாரி, பரண், கட்டிலடி எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டாள், கடைசியில் என் செருப்பைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். கதவைத் திறந்தால் படிக்கட்டில்தான் நாற்றம் அதிகம். மாடிவீட்டு நர்ஸ் வேலைக்கு இறங்கி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஹார்ன்காரர் கதவையே பார்த்து, "சார், இது எலி இல்ல. எனக்கு இந்த வாடை தெரியும். அவர எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டாள். யோசித்துப் பார்க்கிறேன், முந்தின நாள் முழுக்க அவர் குரலே கேட்கவில்லை. கேட்கவில்லையே என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

மணி அடித்தோம், கதவைத் தட்டினோம், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம், ஒரு சத்தமில்லை. கீழ்வீட்டு வெல்டர் கடப்பாரையோடு ஓடி வந்தார். உன் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள், அவர் போய்விட்டார் என்றே நாங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். கதவு பிளந்ததும் நான் முதலில் உள்ளே போனேன். வீட்டுக்குள் நாற்றமே இல்லை பாப்பா! கழுவித் துடைத்த தரையில் பினாயில் வாசம்தான் வந்தது. அது விளங்குவதற்குள் குளியலறைப் பக்கமிருந்து மெல்லிசாக ஒரு முனகல். ஓடிப்போய்ப் பார்த்தேன். வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து, முதல்நாள் காலையிலிருந்து ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். தெருவையே அதிர வைக்கிற தொண்டையில் காற்றுதான் வந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டால், "கதவ ஏன்யா ஒடச்சீங்க" என்கிறார். வெல்டர் அழுதுகொண்டே சிரித்தார். நர்ஸ்தான் அவரை அசைக்க விடாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள், கூடவே போனாள்.

வண்டி போன பிறகு படிக்கட்டுக்கு வந்தால் நாற்றம் அப்படியே இருக்கிறது. அம்மாதான் ஈ மொய்க்கிற இடத்தைக் காட்டினாள். என் கூடையின் பின்பக்கம், வெளிச்சத்தைப் பார்த்து, உள்ளங்கையை விரித்தது போல ஐந்து இதழோடு ஒரு பூ. மிருகத் தோல் மாதிரி சுருக்கமும் மயிரும், மஞ்சளில் சிவப்பு வரி. மூக்கைக் கொண்டுபோனேன், அவ்வளவுதான், ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பூவென்றால் மணக்கும் என்று இத்தனை வயதுவரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். ஈயை வரவழைக்கத்தான் அது பிணம் மாதிரி நாறுமாம், நர்ஸ் அப்புறம் படித்துச் சொன்னாள். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். அறுவை சிகிச்சை முடிந்து தலையணையில் சாய்ந்திருந்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டார். மறைக்க மனமில்லாமல் பூ விஷயத்தைச் சொன்னேன், கத்துவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, "அப்ப அது இன்னும் ரெண்டு நாள் கழிச்சுப் பூத்திருந்தா?" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இனிமே காலைல நீங்க எனக்கொரு குரல் குடுக்கணும், நான் உங்களுக்கொரு குரல் குடுப்பேன்" என்றாள். இவ்வளவு வருஷத்தில் அவரை அவள் அண்ணன் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவர் கேட்ட அந்தக் கேள்வி என்னை விட மாட்டேன் என்கிறது பாப்பா. நீயும் ஒற்றை அறையில், உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாகத்தானே இருக்கிறாய். குளியலறையில் ரப்பர் விரிப்பு போட்டுக்கொள். பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று இதுவரை நீ சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்தவுடன் போய் அந்தக் கதவைத் தட்டு. என்ன பாஷையோ, தெரிந்த பாஷையில் பேசு. நம் வீட்டு நம்பரை அவர்களிடம் கொடு. பதில் எழுதும்போது மற்ற சேதியெல்லாம் பிறகு, அந்த மனுஷர் பெயரை முதல் வரியில் எழுது.

எங்கே இருந்தாலும் உன்னைக் காணோமே என்று தேட நாலு பேர் உன்னைச் சுற்றி இருக்கட்டும், நீ நன்றாக இரு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா