நத்தாருக்கு மறுநாள் சோறு

வாழையிலை வாட்டிய மணம் இன்னும் என் கைகளில் இருக்கிறது. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். இன்று நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறு. உனக்கு இதை எழுத எனக்கு ஐந்து வருடம் பிடித்திருக்கிறது.

நத்தாரன்று இல்லாத வீடுகளுக்கு எல்லாரும் சோறு கொடுப்பார்கள், மறுநாள்தான் அந்த வீடுகளில் அடுப்பு எரியாது என்று, மறுநாளை எடுத்துக்கொண்டது உங்கள் பறங்கிக் குடும்பம். முந்தின நாள் மிச்சத்தைக் கட்ட நீ விடமாட்டாய். கம்பஸ் நாட்களில் ஒருமுறை நான் மிஞ்சிய கோழிக்கறியைச் சட்டியோடு கொண்டுவந்தேன். "அத நீயே தின்னு கா. சட்டி கழுவுறதுக்கா நாம போறம்?" என்றாய். பாலம் கடந்து கடலோரத்து நாவலடிக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிடும். புருஷனைக் கடலில் பறிகொடுத்த கிழவி ஒருத்தி வாசலிலேயே உன்னைச் சீண்டுவாள். "நேத்து மூணு வீட்டுச் சோறு. இண்டைக்கு உன்ட சோறு மட்டுந்தான். பசி கிடக்குது, கெதியாத் தா."

ஐந்து வருடத்துக்கு முன், என் மகளுக்கு நான்கு மாதம். காய்ச்சல். என் கணவர் கட்டாரில் இருந்தார். டொக்டர் பத்து மணிக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"விடியவே போய்க் குடுத்திட்டு வா. தனியப் புள்ளையத் தூக்கிட்டுப் போக எனக்குப் பயமாக் கிடக்கு" என்றேன்.

"ஏழு மணிக்குச் சோறு குடுத்தா அந்தக் கிழவி என்னத் துரத்துவா" என்று சிரித்தாய். ஆனாலும் போனாய். கடல் ஊருக்குள் வந்தபோது நீ அங்கே இருந்தாய்.

"என்ட மகள் அவசரக்காரி" என்று உன் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பக்கத்தில் நான் இருப்பேன், வாய் திறக்கமாட்டேன். அதன் பிறகும் ஒவ்வொரு வருடமும் நாங்கள் இருவரும் சமைத்தோம். பதினொரு மணிக்கு முன் ஒருநாளும் புறப்படவில்லை.

இந்த வருடம் யுத்தம் முடிந்தும் ஊர் திரும்பாத சனங்களின் முகாமுக்குக் கொடுப்பதாக முடிவு. அதுவும் கடற்கரைப் பக்கம்தான். எட்டு மணிக்குள் வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று காவலில் நின்றவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆறரை மணி, பார்சல்கள் கட்டி முடிகிற நேரம். மகள் சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அன்ரி, நான் வரல்ல. புள்ளையையும் விடமாட்டன்" என்றேன் உன் அம்மாவிடம்.

"ஏன் மகள்?"

"இந்த நேரத்துல கடக்கரைக்கு என்னால ஏலா." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "அவள் அவசரப்பட்டுப் போகல்ல அன்ரி. நான்தான் அனுப்பினன்."

அன்ரி கடைசிப் பார்சலின் நூலைப் பல்லால் கடித்து இறுக்கினார்.

"தெரியும். உன்ட புள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிட்டுத்தான் போனாள்."

"அப்ப ஏன் அவசரக்காரி எண்டு சொல்றீங்க?"

"கேக்குறவங்களுக்கு வேற என்னத்தச் சொல்ற? உன்ட பேரையா?"

போனோம். மகள் தன் கையாலேயே கொடுத்தாள். அவள் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தபடி நான் கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் அம்மா மன்னித்துவிட்டாரா என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஐந்து வருடமாக என் பெயரைத் தன் வாய்க்குள் அடக்கிக்கொண்டு, என் எதிரே இருந்து வெங்காயம் உரித்திருக்கிறார். உன்னை அனுப்பிய பாரம் எனக்குப் பழகியிருந்தது. இதுதான் தூக்க முடியாமல் இருக்கிறது.