முதுகு தெரிந்தால் நில்

11 ஜனவரி 2025, சனி

வீரம்மாள் எழுதுவது. மகன் மணிமாறன் கடைக்கு வந்த புது டைரி. அட்டையில் பேட்டரி படம். நல்ல விஷயமாக எழுதி ஆரம்பிக்கிறேன்.

பேத்தி சந்தியா பார்மஸி மூன்றாம் வருஷம், வகுப்பில் இரண்டாவது. (முதலாவது ஒரு எகிப்துப் பெண். சாப்பிடும்போதும் புத்தகம்தானாம்.) என் மகள் நாகவள்ளியின் சின்னவள், சலாலாவில், அரபி ஒப்பிக்கும் போட்டியில் கப்பு வாங்கினாள். தமிழ்தான் வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. தங்கச்சி மகன் அழகுமலை, ரியாத்தில் பத்தா கடைத்தெருவில் போன் கடையில் வேலைக்கு நின்றவன், அதே தெருவில் சொந்தமாகக் கடை போட்டுவிட்டான்.

சந்தியாவின் அண்ணன், பேரன் பாலமுரளிக்குத் தனிப் பத்தி. மணிமாறனுக்கு இங்கே, துபாயில் இருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில், முசஃபாவில் லாரி ரிப்பேர் கடை. ஒருநாள் ஐஸ் அரங்கத்தில் இருந்து கூப்பிட்டார்கள். பனித் தரையை வழித்து வழுவழுப்பாக்கும் வண்டி நின்றுவிட்டதாம். எட்டு வயசு முரளியும் கூடப் போனான். அப்பன் வண்டிக்கு அடியில் படுத்திருந்த நேரத்தில் இவன் யாரிடமோ ஷூவை இரவல் வாங்கிப் பனியில் இறங்கிவிட்டான். இன்றைக்கு இருபத்தொரு வயசு. கிளப்பில் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். சட்டையில் ஏழாம் எண். வெளியே மணல் கொதிக்கிற மாசத்திலும் உள்ளே அவன் பனிமேல் பறப்பான்.

எங்கள் வாட்ஸப் குரூப்புக்கு என் வீட்டுக்காரர், அவுகள் பெயர்தான், மாயாண்டி குடும்பம். நாற்பத்து மூன்று பேர். சந்தியாவிடம் சொன்னேன், குரூப் முகப்பில் முரளி படம் பழசாகிவிட்டது, தலைக்கவசத்தைக் கழற்றிச் சிரிக்கிற மாதிரி புதுசு போடு என்று.

"போன வாரந்தான அப்பத்தா மாத்துனேன்!"

"அது போன வாரம். போடு."

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். கரண்ட் அடுப்பில் பொங்கினாலும் பொங்கல்தான். முரளிக்கு பிராக்டீஸ். புதுப் படத்துக்கு முப்பத்தொரு பேர் கைகூப்பியிருக்கிறார்கள்.

18 ஜனவரி, சனி

எழுதத் தோன்றவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

இன்றைக்கு துபாய் டீமோடு ஆட்டம். வழக்கம்போல நானும் கோசலாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கோசலா யாழ்ப்பாணத்துக்காரி. கனடாவில் இருபது வருஷம் இருந்துவிட்டு, புருஷன் வேலைக்காகத் துபாய் வந்தவள். அவள் மகன் மகேசன் துபாய் டீமில் பத்தொன்பதாம் எண். போன வருஷத்தில் இருந்து பழக்கம். அந்தக் குளிரில் சேலைமேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பது நாங்கள் இரண்டே பேர். நான் சீடை கொண்டுபோவேன், அவள் ஃப்ளாஸ்க்கில் தேத்தண்ணி.

"உங்கட பேரன் இண்டைக்கு என்ர பிள்ளையை விடமாட்டான் போல கிடக்கு" என்றாள்.

"ஒம் புள்ள மட்டும் பூப்பறிக்கவா வந்திருக்கான்?" என்றேன். சிரித்தோம்.

இந்த ஆட்டத்தில் தோளால் இடிக்கலாம், தப்பில்லை. முதுகில் இடிக்கத்தான் கூடாது. நான் போனில் முரளியையே பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பகுதி. மகேசன் கண்ணாடிச் சுவர் ஓரமாக அந்தக் கறுப்பு ரப்பர் வட்டைத் தட்டிவிட்டு நின்றான். முரளி போய் இடித்தான். சுவரே அதிர்ந்தது. எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன்.

அங்கேயே, உடனே, வீடியோவைக் குரூப்பில் போட்டேன். அழகுமலைக்குத் தனியாகவும் அனுப்பினேன். "பாத்தியாடா எம் பேரன் இடிய" என்று பேசியும் அனுப்பினேன். அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் — கோசலா பக்கத்தில் இல்லை. ஃப்ளாஸ்க் படியில் உருண்டு கிடந்தது.

மகேசன் எழுந்திருக்கவே இல்லை. ஸ்ட்ரெச்சரில் கழுத்தை இறுக்கிக் கட்டித் தூக்கிப்போனார்கள். ஒரு கால் ஷூ கழன்று பனியிலேயே கிடந்தது. நடுவர் முரளியை வெளியே அனுப்பினார்.

நான் ஏன் சீடை டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன் அந்த நேரத்தில்?

19 ஜனவரி, ஞாயிறு

கழுத்தெலும்பில் விரிசல். இடது கையில் உணர்ச்சி இல்லை.

மணிமாறன் என் போனை வாங்கி, குரூப்பில் போட்ட வீடியோவை அழித்தான். என் போனில் இருந்ததையும் அழித்தான். "நாலு பேரு நாலு விதமாப் பேசுவான் ஆத்தா" என்றான். சரிதான் என்றுதான் நினைத்தேன்.

21 ஜனவரி, செவ்வாய்

லீக் ஆபீசில் விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்களாம். அவர்கள் கேமரா ரப்பர் வட்டு போகும் பக்கமே திரும்பும். வட்டு அந்தப் பக்கம் போய்விட்டதால் மகேசன் விழுந்தது மட்டும்தான் அதில் இருக்கிறது. இடித்தது இல்லை. "அவன் கடைசி செகண்டில் முதுகக் காட்டித் திரும்பிட்டான், என்னால நிறுத்த முடியல" என்று முரளி சொன்னான். இரண்டு ஆட்டம் தடை. அவ்வளவுதான்.

மருமகள் அகிலா சாமிக்கு விளக்கேற்றினாள். நானும் கும்பிட்டேன். எதற்குக் கும்பிட்டேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

முரளி சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டான்.

23 ஜனவரி, வியாழன்

கோசலா கூப்பிட்டாள். போன் அடித்ததும் எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன்.

"அம்மா, நீங்கள் போனில எடுத்துக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்? இவன்தான் கடைசி நேரம் திரும்பினவனெண்டு சொல்லுகினம். இவனுக்கு ஒண்டும் ஞாபகமில்லை. 'நான்தானம்மா பிழை விட்டிட்டன், இடிக்க வாறவனுக்கு முதுகு காட்டக்கூடாதெண்டு சின்னனில இருந்து படிச்சதை மறந்திட்டன்' எண்டு கிடந்து புலம்புறான். அதை ஒருக்கால் பாத்தால் அவனுக்குத் தெரியுமல்லோ."

"அழிஞ்சு போச்சு தாயி" என்றேன். பொய் இல்லை. உண்மையில் அழிந்துதான் போயிருந்தது. ஆனால் பொய் சொன்னவளுக்கு எப்படி வேர்க்குமோ அப்படி வேர்த்தது.

"பரவாயில்லை அம்மா. நீங்கள் சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டாள்.

திட்டியிருக்கலாம் அவள்.

25 ஜனவரி, சனி

காலையில் ரியாத்தில் இருந்து அழகுமலை.

"பெரியம்மா! முரளி வீடியோவ கடைக்கு வாரவன் போறவனுக்கெல்லாம் போட்டுக் காட்டுறேன். ஒரு பட்டான் பாத்துட்டு, 'யே லட்கா பயில்வான் ஹை', இந்தப் பய பயில்வாங்கிறான்!"

"அது ஒங்கிட்ட இருக்கா?"

"நீங்கதான பெரியம்மா அனுப்புனீக. பெரிய டிவில ஏத்தி வச்சிருக்கேன்."

"டிவிய அமத்துடா! எவனுக்கும் காட்டாத. எனக்கு மட்டும் அனுப்பு." அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அனுப்பினான்.

சந்தியாவை உட்காரவைத்து மெதுவாக ஓட்டச் சொன்னேன். நான் எடுத்ததுதான், ஆனால் அன்றைக்கு நான் பார்க்கவில்லை. மகேசன் சுவரைப் பார்த்து நிற்கிறான். முதுகில் 19. முரளி தூரத்தில் இருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறான். பிறகு ஒரு தள்ளு, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு தடவை காலால் உந்தியிருக்கிறான். அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை திரும்பவே இல்லை. முதுகு முதுகாகவே இருந்தது.

"சத்தம் வையி" என்றேன்.

"வேணாம் அப்பத்தா."

"வையிடி."

கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே, போனுக்குப் பக்கத்தில், ஒரு கிழவி கத்துகிறாள். "விடாத முரளி! இடிடா! இடி!" யாரிது இப்படி என்று ஒரு கணம் நினைத்தேன். சத்தியமாக. அப்புறம்தான் தெரிந்தது.

கோசலா பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுத்தான் வியாழக்கிழமை என்னைச் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

26 ஜனவரி, ஞாயிறு

அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க வந்த முரளியிடம் போனைக் கொடுத்தேன். பார்த்தான். பாதியில் நிறுத்தினான். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

அவனுக்கு ஒன்பது வயசில் முதல் ஆட்டச் சட்டை வந்தபோது கோச் ஒரு சிவப்புத் துணி கொடுத்தார். நில் என்று இங்கிலீஷில் எழுதியது. சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் முதுகில் தைக்க வேண்டும். முதுகில் அந்தச் சிவப்புத் தெரிந்தால் இடிக்க வருகிறவன் நிற்கணும். நான்தான் தைத்தேன், இரண்டு தோளுக்கும் நடுவில், இரட்டைத் தையல்.

"நம்பர் தெரிஞ்சுச்சாடா?"

"தெரிஞ்சுச்சு அப்பத்தா."

"அவன் திரும்புனானா?"

"இல்ல."

"பெறகு?"

"நிக்கணும்னு தெரியும். முதப் பகுதில அவன் என்னைய ஏமாத்திட்டுப் போய் கோல் போட்டான்ல... அந்தக் கோவம். கழுத்து உடையும்னு நெனக்கல அப்பத்தா. சத்தியமா நெனக்கல."

அழுதான். எட்டு வயசில் பனியில் விழுந்தபோதுகூட அழாதவன்.

மணிமாறன் எல்லாவற்றையும் வாசலில் நின்று கேட்டுவிட்டான். "ஆத்தா, அத வெளிய விட்ட, கான்ட்ராக்ட்டு கலாஸ், முடிஞ்சுச்சு. கிளப் விசாவும் போயிரும். பதிமூணு வருசம்! புள்ளைய நீயே புடிச்சுக் குடுப்பியா?"

"நான் குடுக்கல. போன் அவன் கைலதான் இருக்கு. அழிச்சாலும் அவந்தான், அனுப்புனாலும் அவந்தான்." சொல்லிவிட்டேனே ஒழிய, அவன் அழித்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

முரளி வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "ஒன் சத்தமும் இருக்கே அப்பத்தா. அத மட்டும் எடுத்துட்டு அனுப்பட்டா?"

ஆசையாகத்தான் இருந்தது. எழுதிவைக்கிறேன், ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம். கெடக்கட்டும்."

27 ஜனவரி, திங்கள்

அனுப்பிவிட்டான். லீக் ஆபீசுக்கும், கோசலாவுக்கும்.

31 ஜனவரி, வெள்ளி

மறுவிசாரணை முடிந்தது. பதினான்கு ஆட்டம் தடை. சீசனே போயிற்று. பார்த்தும் இடித்ததற்குப் பன்னிரண்டு, முதல் விசாரணையில் பொய் சொன்னதற்கு நான்கு, தானே வந்து ஒப்புக்கொண்டதற்காக இரண்டு குறைத்தார்களாம். மகேசன் மேல் தப்பில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் கோசலாவிடம் இருந்து செய்தி வந்தது. "மகேசன் பாத்தவன். நான் திரும்பேல்லை அம்மா, நான் திரும்பேல்லை எண்டு சொல்லிச் சொல்லி அழுதவன். இண்டைக்குத்தான் நித்திரை கொள்ளுறான்."

அதற்குக் கீழே இன்னொன்று. "உங்கட குரலும் கேட்டது."

நான் பதில் டைப் அடித்து அடித்து அழித்தேன். கடைசியில், "ஆமா தாயி, நாந்தான்" என்று அனுப்பினேன்.

15 பிப்ரவரி, சனி

கிளப் கான்ட்ராக்ட்டை முறித்துவிட்டது. முரளியை அப்பன் விசாவுக்கு மாற்ற மணிமாறன் அலைகிறான். என்னோடு பேசி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நேற்று வந்து, "டீ இருக்கா?" என்றான். அதுவே போதும்.

குரூப்பில் என் மருமகன், நாகவள்ளி புருஷன், எழுதியிருந்தார்: "பேரனுக்கே ரெட் கார்டு போட்ட மாமியார் வாழ்க." சிரிக்கிற பொம்மை நாலு. அழகுமலை மட்டும், "பெரியம்மா, முரளி புதுப் படம் ஒண்ணும் காணமே?" என்று கேட்டான். முகப்பில் அதே பொங்கல் படம் சிரித்துக்கொண்டிருக்கிறது. மாற்றச் சொல்லவும் வாய் வரவில்லை, விட்டுவைக்கவும் மனசில்லை.

22 மார்ச், சனி

ஐஸ் அரங்கத்தில் அந்த வண்டி மறுபடி நின்றுவிட்டது. மணிமாறனைக் கூப்பிட்டார்கள். முரளியும் ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். ஆடத்தான் தடை, வண்டிக்கு அடியில் படுக்கத் தடையில்லை. ஒரு மாசமாகக் கடையில்தான் வேலை பார்க்கிறான். சந்தியாவும் கூடப் போய்ப் படம் எடுத்து வந்தாள். அப்பனும் மகனும் வண்டிக்கு அடியில். நாலு கால் மட்டும் வெளியே, கிரீஸ் அப்பிய பேண்ட்டோடு.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோசலாவிடம் இருந்தும் ஒரு படம். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. எழுத்து ஏதும் இல்லை. ஒரு கை, அவ்வளவுதான். இடது கை. தேத்தண்ணிக் கோப்பையின் காதைப் பிடித்திருக்கிறது. ரெண்டு விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. ஆனால் கோப்பை மேசையில் இல்லை, மேலேதான் இருக்கிறது.

முரளி வந்ததும் காட்டினேன். கையைக் கழுவாமலே வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். போன் முழுக்க கிரீஸ். துடைக்காமல் வைத்திருக்கிறேன்.

"நல்ல நியூஸ் அப்பத்தா, குரூப்ல போடவா?" என்றாள் சந்தியா.

"வேணாம்த்தா. அது அவுக வீட்டுப் படம்."

பிறகு சொன்னேன். "முகப்புல இருக்கிற முரளிய எடுத்துட்டு, நீ இன்னைக்கு எடுத்தியே, வண்டிக்கு அடியில, அதப் போடு."

"மூஞ்சியே தெரியலயே அப்பத்தா!"

"தெரியாட்டிப் போகுது. போடு."