வலது கால் பெருவிரல்

திங்கள், 17 செப். மாலையில் நல்ல மழை.

இன்று முதல் உள்ளதை உள்ளபடியே எழுதுவேன். அழகுபடுத்த மாட்டேன். முதல் உண்மை: வலது கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்துவிட்டது. ஓரம் மாவாக உதிர்கிறது. பள்ளி விடுமுறையிலிருந்தே இப்படி. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளும் காலுறை.

"வீட்டுக்குள்ள என்னடி ஸ்டோக்கிங்?" என்றார்கள் அம்மா. குளிர்கிறது என்றேன். கிள்ளானில் குளிர்!

28ஆம் தேதி கோவில் நவராத்திரியில் எங்கள் நடனம். நான் முதல் வரிசை. வெறுங்கால்.

செவ்வாய், 18. வெயில்.

நூலகத்தில் உடல்நலப் புத்தகம். அட்டையை மறைத்துக்கொண்டு படித்தேன். பூஞ்சையாம். ஈரத்தில் வளருமாம். உடனே புரிந்தது. ஞாயிறு மாலை பள்ளிக்குப் போடும் துணிச் சப்பாத்தைத் துவைத்து வெள்ளை பூசுவேன். திங்கள் காலை உள்ளே சில்லென்று இருக்கும்போதே மாட்டிக்கொள்வேன். வகுப்பிலேயே வெள்ளையான சப்பாத்து என்னுடையது. எவ்வளவு பெருமைப்பட்டேன்.

கணக்குப் பாடம் செய்யவில்லை. கால் விரல் பத்துக்கும் மருதாணி வைத்தேன், அந்த நகம் மறையட்டும் என்று.

வெள்ளி, 21. மூட்டம்.

ஒன்பது நகம் சிவப்பு. அது மட்டும் கத்தரிக்காய்த் தோல் நிறம். குளியலறை வாசலில் அம்மா பார்த்துவிட்டார்கள். கிளினிக். பஸ்ஸில் காதோரம், "பொம்பளப் புள்ள. வெளிய யார்கிட்டயும் சொல்லிராதே."

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. நகத்தில் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். "பாத்தா பூஞ்சை மாதிரிதான் இருக்கு. முடிவு வரட்டும், மாத்திரை தரேன். மாசக்கணக்கா சாப்பிடணும். புது நகம் முழுசா வளர ஒரு வருசத்துக்கு மேலயும் ஆகும்."

"ஆடலாமா டாக்டர்?"

"தாராளமா ஆடு. விரல் இடுக்க நல்லாத் துடை. சப்பாத்து காயாம போடாதே. நகவெட்டி, துண்டு எல்லாம் உனக்குத் தனியா. ஒட்டிக்கும்."

ஒட்டிக்கும். இந்தச் சொல்தான் போகமாட்டேன் என்கிறது.

வெள்ளி, 28. மழை இல்லை. நடனம் முடிந்தது.

கோவில் மண்டபத்துக்குப் பின்னால் எட்டுப் பேரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். டீச்சர் கையில் சிவப்புச் சாயக் கிண்ணம், ஒரே ஒரு பஞ்சு. முதலில் என் கால். பூசிவிட்டால் கறுப்பு நகம் மறைந்துவிடும். பிறகு அதே பஞ்சு பக்கத்தில் இருக்கும் வசந்தி காலுக்குப் போகும்.

"டீச்சர், எனக்குக் கடைசியா."

"ஏம்மா?"

"மருதாணி அழிஞ்சிரும்னு பயம் லா இவளுக்கு!" என்றாள் வசந்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தப்பித்திருக்கலாம்.

"நகத்துல பூஞ்சை. ஒட்டிக்கும்."

வசந்தி தன் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். மெதுவாகத்தான். ஆனாலும் பார்த்தேன்.

டீச்சர் ஒரு மூடியில் சாயம் ஊற்றி, புதுப் பஞ்சு கிள்ளித் தந்தார். "நீயே போட்டுக்க. சலங்கையைக் கட்டிக்கிட்டு சீக்கிரம் வா. முதல் வரிசையில வேற ஆளு இல்ல."

ஆடினேன். வசந்தி வழக்கத்தைவிட ஓரடி தள்ளி நின்றாள். தப்புச் சொல்ல முடியாது. முகம் இன்னும் எரிகிறது.

அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்கள். இப்போது பார்த்தேன்: என் சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்து, சுழலும் காற்றாடிக்கு நேராக நாற்காலியில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் புது நகவெட்டி.

அம்மா விளக்கை அணைக்க வந்துவிட்டார்கள்.