நிலாவைப் பார்த்து அழுத வரி

சிங்கப்பூர் படகுத்துறை, 1887

சியூ லான், நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம், பல்வலி மட்டும் விடவில்லை.

நேற்று, கடிதம் எழுதிக் கொடுக்கும் உவீயிடம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். மூவருக்குமே, “நிலாவைப் பார்த்தேன், உன்னை நினைத்து அழுதேன்” என்று எழுதி வாசித்தான். போன முறை உனக்கு வந்ததும் அதே வரிதான்! நான் எழுதச் சொன்னதோ பல்வலியையும், நம் பன்றி குட்டி போட்டதா என்பதையும்.

“என்னய்யா இது?” என்றேன்.

“பல்லு வலிக்குதுன்னு எழுதினா எந்தப் பொண்டாட்டி அழுவா? போய்யா!” என்று தூரிகையை நக்கிக்கொண்டே சொன்னான். தூரிகையும் எச்சில், வரியும் எச்சில்.

இதைச் சமையல்கார ஆ கோ எழுதுகிறான். அவனுக்கு அழகாக எழுத வராது, அதனால் நம்பலாம். உப்பில் போட்ட முள்ளங்கி கொஞ்சம் அனுப்பு. சீனாவுக்குக் கடிதம் கொண்டுபோகிறவர் அவசரப்படுத்துகிறார்.

ஒன்று மட்டும் சொல். அந்த வரியைக் கேட்டு மூன்று நாள் சாப்பிடாமல் அழுததாகப் பதில் போட்டிருந்தாயே, அழுதது நீயா, அங்கே உனக்கு எழுதிக் கொடுப்பவரா?

நிஜமான பல்வலியுடன்,
போ செங்