நேரலையில் பாட்டு கேட்காத காரணம்

அக்கா, உன் நடன நேரலைக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. நீ பண்ருட்டியிலிருந்து வருவதற்குள் நான் லேபுக்குக் கிளம்ப வேண்டும். நேற்று நீ ஆடிய பதினேழு நிமிடமும் பார்த்தவர்களுக்குப் பாட்டு கேட்காத காரணம் தெரிந்துவிட்டது. நேரலை சாஃப்ட்வேரின் செட்டிங்ஸில், டெஸ்க்டாப் ஆடியோவுக்கு எதிரே ஹெட்போன் என்றிருக்கும். ஸ்பீக்கர் என்று மாற்று. பாட்டு போட்டதும் திரையில் ஒலியளவு காட்டும் பச்சைக் கோடு ஏறி இறங்க வேண்டும். அசையாவிட்டால் உடனே போன் செய்.

மாமா மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்துவந்து தூங்குகிறார். மீன்குழம்பு மூடியிருக்கிறது, எழுந்ததும் சோறு போடு.

இதை இந்தச் சீட்டின் ஓரத்தில் எழுதுகிறேன். "நீங்கதான் எதையோ நோண்டிட்டீங்க" என்று நேற்று நீ கத்தினாய். "நான் அந்தப் பக்கமே போவலடி" என்ற மாமா, சாப்பிடாமலே ஷிப்டுக்குப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அக்கா, நேற்று பகலில் அவர் தூக்கம் கெடக்கூடாதென்று ஆடியோவை ஹெட்போனுக்கு மாற்றி என் பாட வீடியோவைப் பதிவு செய்துவிட்டு, திரும்ப மாற்ற மறந்தவள் நான்தான்.